அமெரிக்காவில் வரி எண்ணைக் கொடுப்பதும் காப்பதும்: தமிழ்க் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வேலை செய்து வாழும் எவரும் தன் வரி எண்ணை முழு ரகசியமாக வைத்திருக்க முடியாது. வேலை தரும் நிறுவனம், வங்கி, பங்குத் தரகர், பல்கலைக்கழகம், வீட்டுக்கடன் நிறுவனம் என்று பல இடங்களுக்கு அந்த ஒன்பது இலக்கங்கள் போய்த்தான் ஆகவேண்டும். வரிச் சட்டமே அப்படிச் சொல்கிறது. 2017-இல் கடன் பதிவுகளைப் பராமரிக்கும் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் நடந்த தகவல் திருட்டில் மட்டும் ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. அதனால் உங்கள் எண் ஏற்கெனவே முன்பின் தெரியாத யாரிடமோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடங்குவது நல்லது.

அப்படிப் பார்த்தால் செய்யவேண்டிய வேலை இரண்டு. தேவையில்லாத இடங்களில் எண்ணைக் கொடுக்காமல் இருப்பது ஒன்று. எண் தெரிந்தவன்கூட அதை வைத்து உங்கள் பெயரில் வரித் தாக்கல் செய்ய முடியாதபடி பூட்டுவது இன்னொன்று. நம்மவர்கள் முதல் வேலையைப் பற்றி நிறையக் கவலைப்படுகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் அந்தப் பூட்டைப் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. இந்த வழிகாட்டியில் அதற்குத்தான் அதிக அழுத்தம் தரப்போகிறேன்.

திருட்டு நடக்கும் விதம் எளிமையானது. ஜனவரிக் கடைசியில் தாக்கல் தொடங்கும். திருடன் உங்கள் பெயர், எண், பிறந்த தேதியை வைத்துக்கொண்டு, இல்லாத சம்பளத்தையும் பிடிக்கப்படாத வரியையும் இட்டுக்கட்டி, நீங்கள் தாக்கல் செய்வதற்கு முன்பே ஒரு தாக்கலை அனுப்பிவிடுவான். ரீஃபண்ட் அவன் காட்டிய கணக்குக்குப் போகும். ஒரு எண்ணுக்கு ஓராண்டில் ஒரு மின்தாக்கலைத்தான் அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ் ஏற்கும். மார்ச்சிலோ ஏப்ரலிலோ நீங்கள் உண்மையான கணக்கை அனுப்பும்போது, ‘இந்த எண்ணில் ஏற்கெனவே தாக்கல் ஆகிவிட்டது’ என்று திரும்பி வரும். பெரும்பாலானோருக்கு விஷயம் தெரியவருவது அன்றைக்குத்தான்.

படி 1: வீட்டில் யாரிடம் எந்த எண் இருக்கிறது?

முதலில் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் எந்த எண் என்று பாருங்கள். எச்-1பி விசாவில் வேலை செய்பவருக்கும், அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கும், வேலை அனுமதி பெற்ற எச்-4 (குடும்பத்தினருக்கான விசா) துணைவருக்கும் சமூகப் பாதுகாப்பு எண், அதாவது எஸ்.எஸ்.என் இருக்கும். அதை வழங்குவது சமூகப் பாதுகாப்பு நிர்வாகம். அந்த எண்ணைப் பெறும் தகுதி இல்லாமல், ஆனால் வரித் தாக்கலில் பெயர் இடம்பெற வேண்டியவர்களுக்கு ஐ.ஆர்.எஸ் தருவது ஐடின். 1996 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த எண் எப்போதும் 9-இல் தொடங்கும். சொந்தத் தொழிலோ நிறுவனமோ நடத்துபவருக்குத் தொழிலுக்கான வரி எண்ணாகிய இ.ஐ.என், அது ஐ.ஆர்.எஸ் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். அதை வாங்கித் தருவதாகக் கட்டணம் கேட்கும் தளங்களுக்குப் பணமும் எஸ்.எஸ்.என்னும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

ஐடின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எச்-4 விசாவில் இருக்கும் மனைவிக்கோ கணவருக்கோ இந்தியாவில் பிறந்த பிள்ளைகளுக்கோ படிவம் டபிள்யூ-7 மூலம் விண்ணப்பிக்கிறோம். வழக்கமாக அது வரித் தாக்கலோடு இணைத்து டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினுக்குப் போகும். தனி ஆவணமாக நிற்கக்கூடியது பாஸ்போர்ட் மட்டுமே. அசல் வேண்டும், அல்லது அதை வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகல் வேண்டும். நோட்டரி கையெழுத்திட்ட நகல் செல்லாது. அசல் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு முகவரிடமோ, முன்பதிவு செய்துகொண்டு ஐ.ஆர்.எஸ்ஸின் வரி உதவி மையத்திலோ பாஸ்போர்ட்டைக் காட்டினால் அங்கேயே சரிபார்த்துக் கையில் திருப்பித் தந்துவிடுவார்கள். எண் வர ஏழு வாரம் ஆகலாம். தாக்கல் பருவத்தில் ஒன்பது முதல் பதினொரு வாரம்வரை.

மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எந்தத் தாக்கலிலும் பயன்படுத்தாத ஐடின் காலாவதியாகிவிடும். துணைவருக்குப் பின்னர் வேலை அனுமதி கிடைத்து எஸ்.எஸ்.என் வந்துவிட்டால், அன்றிலிருந்து ஐடினைப் பயன்படுத்தக் கூடாது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் குறிப்பிட்டு ஐ.ஆர்.எஸ்ஸுக்குக் கடிதம் எழுதி, இரண்டு பதிவுகளையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். செய்யாவிட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்புகள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் யாரும் கவனிக்காத ஒன்று திருடனுக்கு வசதி.

படி 2: பெயரைச் சரிசெய்யுங்கள்

நம்மவர்களுக்கு இது பெரிய தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோ கணவர் பெயரோ கடைசிப் பெயர் இடத்தில் போய் உட்காரும். சிலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். அது விசாவில் குடும்பப் பெயராக ஏறி, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு’, அதாவது ‘முதல் பெயர் தெரியாது’ என்று வந்துவிடும். வங்கியில் ஒரு மாதிரி, அலுவலகத்தில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் இன்னொரு மாதிரி.

ஐ.ஆர்.எஸ் பார்ப்பது எண்ணையும், கடைசிப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளையும் சேர்த்து. சமூகப் பாதுகாப்பு அட்டையில் கடைசிப் பெயர் சுப்பிரமணியன் என்றிருந்தால் எஸ்-யு-பி-ஆர் என்ற நான்கு எழுத்தும் பொருந்த வேண்டும். அலுவலகத்தில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறியிருந்தால் பொருந்தாது, மின்தாக்கல் திரும்பிவிடும். அது திருட்டு அல்ல, வெறும் பெயர்க் குழப்பம். ஆனால் உண்மையான திருட்டு நடக்கும்போதும், ‘மறுபடியும் பெயர்ப் பிரச்சினைதான்’ என்று அலட்சியமாக விட்டுவிட இதுவே காரணமாகிறது.

சமூகப் பாதுகாப்பு அட்டையை எடுத்து முன்னால் வையுங்கள். வேலையிடம் தரும் ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ-2, வங்கிக் கணக்கு, பங்குக் கணக்கு எல்லாவற்றிலும் அட்டையில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையிலேயே தவறு என்றால் முதலில் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் திருத்துங்கள்; மற்றவற்றை அதற்குப் பிறகு மாற்றலாம்.

படி 3: கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார்?

எண்ணைக் கேட்பவரிடம் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘என்னைப் பற்றி ஐ.ஆர்.எஸ்ஸுக்கு நீங்கள் எந்தப் படிவம் அனுப்பப்போகிறீர்கள்?’ பதில் இருந்தால் கொடுக்க வேண்டும். வேலை தருபவர் டபிள்யூ-2 அனுப்புவார். வங்கி வட்டிக்கும் தரகர் பங்கு விற்பனைக்கும் 1099 வகைப் படிவங்களை அனுப்புவார்கள். வீட்டுக்கடன் வட்டிக்கும் கல்விக் கட்டணத்துக்கும் 1098 வகைகள் உண்டு. ஒப்பந்த வேலைக்குப் பணம் தருபவர் 1099-என்.இ.சி அனுப்புவார், 600 டாலராக இருந்த அதன் வரம்பு, 2026-இல் தரப்படும் பணத்திலிருந்து 2,000 டாலர் ஆகியிருக்கிறது.

மருத்துவமனை விண்ணப்பம், பிள்ளைகளின் விளையாட்டுக் குழு, உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றின் படிவங்களிலும் வரி எண் கேட்கும் கட்டம் இருக்கும். பெரும்பாலும் அது பழக்கத்தால் அச்சிடப்பட்டது. வெற்றாக விடுங்கள். வற்புறுத்தினால் ஏன் வேண்டும், வேறு அடையாளம் போதாதா என்று கேளுங்கள். தனியார் நிறுவனம் கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை. நீங்கள் மறுக்கலாம், அவர்களும் சேவையை மறுக்கலாம். அரசு அலுவலகம் என்றால் நிலைமை வேறு. 1974-ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டப்படி, எண்ணைக் கொடுப்பது கட்டாயமா விருப்பமா, எந்தச் சட்டத்தின்கீழ் கேட்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதை அவர்கள் சொல்லியாக வேண்டும்.

வாடகை வீடு தேடும்போது கடன் மதிப்பெண் பார்க்க வீட்டுக்காரர் எண் கேட்பது நியாயமானதே. ஆனால் வீட்டை நேரில் பார்க்கும் முன், விளம்பரத்தை மட்டும் நம்பி, விண்ணப்பத்தில் எண்ணை நிரப்பி அனுப்பாதீர்கள். புதிதாக வந்திறங்கும் மாணவர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

படி 4: டபிள்யூ-9 படிவத்தைக் கொடுக்கும் முறை

வரி எண்ணைச் சட்டப்படி கேட்டு வாங்கும் படிவம் டபிள்யூ-9. இது ஐ.ஆர்.எஸ்ஸுக்குப் போவதில்லை, கேட்டவரிடமே இருக்கும். அதனால் அவர் எப்படிப்பட்டவர், படிவத்தை எங்கே வைத்திருப்பார் என்பது முக்கியம். பொய்யான விவரம் தந்தால் தண்டனை உண்டு என்ற உறுதிமொழியின்கீழ் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கவனியுங்கள். டபிள்யூ-9 அமெரிக்கக் குடிமக்களுக்கும், வரிக் கணக்கில் ‘ரெசிடென்ட்’ ஆனவர்களுக்கும் மட்டும். எச்-1பியில் இருப்பவர் நடப்பாண்டில் குறைந்தது 31 நாளும், மூன்றாண்டுக் கணக்கில் 183 நாளும் இங்கே இருந்தால் ரெசிடென்ட். அந்த 183-ஐ எண்ணும்போது நடப்பாண்டு நாட்கள் முழுதாகவும், போன ஆண்டு நாட்களில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கும் சேரும். எஃப்-1 மாணவருக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் இந்தக் கணக்கில் வராது. அதனால் பெரும்பாலான மாணவர்கள் வங்கியில் தரவேண்டியது, ரெசிடென்ட் ஆகாதவர்களுக்கான டபிள்யூ-8பென். கணக்குத் தொடங்கும் அவசரத்தில் டபிள்யூ-9-இல் கையெழுத்துப் போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

கேட்பவர் உண்மையானவர் என்றால் டபிள்யூ-9 தர மறுப்பதில் லாபமில்லை. சரியான எண்ணைத் தராவிட்டால் உங்களுக்கு வரும் பணத்தில் 24 விழுக்காடு பிடித்துக்கொள்ள வேண்டிய நிலை அவர்களுக்கு வரும். உங்களுக்கு 50 டாலர் அபராதமும் விழலாம். பிடித்த 24 விழுக்காடு தாக்கலின்போது கட்டிய வரியாகக் கணக்கில் சேரும் என்றாலும், அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.

அனுப்பும் வழியில்தான் கவனம் வேண்டும். கேட்டது மின்னஞ்சலில் என்றால், அதிலுள்ள தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தொலைபேசி எண்ணில் அவர்களை அழைத்து உறுதிசெய்யுங்கள். அவர்களின் பாதுகாப்பான பதிவேற்றத் தளம் இருந்தால் அதில் ஏற்றுங்கள். இல்லையென்றால் கடவுச்சொல் போட்ட பி.டி.எஃப் ஆக அனுப்பி, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். டபிள்யூ-9-ஐ வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்புவது வேண்டவே வேண்டாம். பெயர், முகவரி, எண், கையெழுத்து என்று திருடனுக்கு வேண்டிய எல்லாம் ஒரே தாளில் இருக்கிறது.

இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று: உங்கள் மின்னஞ்சலில் ‘டபிள்யூ-2’, ‘1040’ (வரித் தாக்கல் படிவம்), ‘பாஸ்போர்ட்’ ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். அனுப்பிய அஞ்சல்களையும் சேர்த்துத் தேடுங்கள். பல ஆண்டுக் கோப்புகள் கிடைக்கும். தனியாக ஓரிடத்தில் பத்திரப்படுத்திக்கொண்டு, அஞ்சல்பெட்டியிலிருந்தும் குப்பையிலிருந்தும் நீக்கிவிடுங்கள். மின்னஞ்சலுக்கு இரண்டு படிச் சரிபார்ப்பும் போடுங்கள்.

படி 5: வரித் தாக்கல் செய்து தருபவரைத் தேர்ந்தெடுத்தல்

உங்கள் குடும்பத்தின் எல்லா எண்களும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும் இடம் இதுதான். கட்டணம் வாங்கித் தாக்கல் செய்பவர் ஒவ்வொருவருக்கும் ஐ.ஆர்.எஸ் தந்த பி.டின் எண் இருக்க வேண்டும். தாக்கலில் அதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ‘நீங்களே தாக்கல் செய்ததாகப் போட்டுவிடலாம்’ என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ரீஃபண்ட் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறதா என்று கணக்கு எண்ணைப் பார்த்துவிட்டே ஒப்புதல் கொடுங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு கோணமும் உண்டு. கட்டணம் குறைவு என்று நாம் போகும் சில அலுவலகங்களில் முகப்பு மட்டும் அமெரிக்காவில், கணக்கு வேலை நடப்பது இந்தியாவில். வரிச் சட்டத்தின் 7216-ஆம் பிரிவின்படி, இங்கே தாக்கல் செய்து தருபவர் உங்கள் வரி விவரங்களை அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கு அனுப்பும் முன் உங்களின் எழுத்து வழி ஒப்புதல் பெற வேண்டும். எஸ்.எஸ்.என் விஷயத்தில் விதி இன்னும் கடுமை: போதிய தகவல் பாதுகாப்பு ஏற்பாடு இருபக்கமும் இல்லாமல் அந்த எண்ணை முழுதாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ‘என் கோப்பு எங்கே தயாராகிறது, எஸ்.எஸ்.என் மறைக்கப்படுகிறதா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல அலுவலகம் தயங்காமல் பதில் சொல்லும். கையெழுத்துக்கு வரும் தாள்களின் நடுவே அந்த ஒப்புதல் படிவமும் இருக்கலாம், படித்துப் பாருங்கள்.

படி 6: ஐ.பி. பின் என்ற பூட்டு

இதை மட்டும் செய்துவிட்டு மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்கள் சொன்னாலும் எனக்குச் சம்மதமே.

ஐ.பி. பின் என்பது ஐ.ஆர்.எஸ் தரும் ஆறு இலக்க எண். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும். இதை நீங்கள் பெற்றிருந்தால், உங்கள் எஸ்.எஸ்.என்னோ ஐடினோ இடம்பெறும் மின்தாக்கலில் இந்த எண்ணும் சரியாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் தாக்கல் திரும்பிவிடும். காகிதத்தில் வந்தாலும் தனியாகச் சரிபார்ப்பார்கள். திருட்டுக்கு ஆளானவர்களுக்கு மட்டும் தரப்பட்டு வந்த இது, 2021 ஜனவரியிலிருந்து அடையாளத்தை உறுதிசெய்யக்கூடிய எவருக்கும் கிடைக்கிறது.

ஐ.ஆர்.எஸ் தளத்தில் கணக்குத் தொடங்குங்கள். அடையாளச் சரிபார்ப்பு ஐ.டி.மீ என்ற நிறுவனத்தின் வழியாக நடக்கும்: அரசு அடையாள ஆவணம், முகப் படம், தேவைப்பட்டால் காணொளி அழைப்பு. உள்ளே சென்றதும் ஐ.பி. பின் பகுதியில் பதிவுசெய்யுங்கள். ஓராண்டுக்கு மட்டும் சேரலாம். தொடர்ந்து இருக்கும்படியும் சேரலாம். தொடர்ந்து என்பதையே தேர்ந்தெடுங்கள். இணையத்தில் முடியாதவர்கள், குறிப்பிட்ட வருமான வரம்புக்குள் இருந்தால் படிவம் 15227 அனுப்பலாம். அல்லது வரி உதவி மையத்துக்கு நேரில் போகலாம். வழக்கமாக நவம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம்வரை இணையத்தில் இந்தப் பகுதி மூடியிருக்கும். திறந்ததும் செய்துவிடுவது நல்லது.

கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி எண். பிள்ளைகளுக்கும் பெறலாம், பெறவும் வேண்டும். சிறு பிள்ளையின் எண்ணைத் திருடினால் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாது என்பதால் திருடர்களுக்கு அது மிகப் பிடித்தமானது. உங்கள் பிள்ளையை வேறொருவர் தன் தாக்கலில் சேர்த்துவிட்டாலும், முதன்மை வரிதாரராகிய உங்களிடம் ஐ.பி. பின் இருந்தால், 2025 தாக்கல் பருவத்திலிருந்து உங்கள் மின்தாக்கலை ஏற்றுக்கொள்கிறார்கள்.

மின்தாக்கலில் கையெழுத்துக்காக நீங்களே தேர்ந்தெடுக்கும் ஐந்து இலக்கப் பின் வேறு; இது வேறு. இந்த ஆறு இலக்கம் உங்களுக்கும், தாக்கல் செய்து தருபவருக்கும் மட்டுமே தெரிய வேண்டும், அவருக்கும் தாக்கல் நாளில் மட்டும். ஐ.ஆர்.எஸ் ஊழியர் தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ இதைக் கேட்கவே மாட்டார்.

பக்கவாட்டுக் கதவுகளையும் சாத்திவிடுங்கள். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் கடன் பதிவை முடக்குவது 2018 செப்டம்பரிலிருந்து இலவசம். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் செய்யலாம். சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் உங்கள் பெயரில் கணக்கு வைத்து, ஆண்டுக்கொருமுறை வருமானப் பதிவைப் பாருங்கள். நீங்கள் வேலை செய்யாத நிறுவனத்தின் சம்பளம் அதில் ஏறியிருந்தால், உங்கள் எண்ணில் வேறொருவர் வேலை பார்க்கிறார்.

படி 7: கடிதமும் தொலைபேசியும்

ஐ.ஆர்.எஸ் பெரும்பாலும் முதலில் தபாலில்தான் தொடர்புகொள்ளும். கைது, நாடு கடத்தல், பரிசு அட்டையில் பணம் என்று தொலைபேசியில் யாராவது பேசினால் அது மோசடி. 2016 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை தனிநபர்களும் நிறுவனங்களுமாக மொத்தம் 61 தரப்புகள்மீது வழக்குத் தொடுத்தது. அகமதாபாத் அழைப்பு மையங்களிலிருந்து ஐ.ஆர்.எஸ், குடியேற்றத் துறை அதிகாரிகள்போல் பேசி மிரட்டிய மோசடியில் தொடர்புடையவர்கள் என்பது குற்றச்சாட்டு. விசாவை நினைத்து நாம் பயந்துவிடுவோம் என்பது இத்தகைய மோசடிக்காரர்களுக்குத் தெரியும். பதில் பேசாமல் வைத்துவிடுங்கள். சந்தேகமிருந்தால் உங்கள் ஐ.ஆர்.எஸ் கணக்கில் நுழைந்து பாக்கி ஏதும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

தபாலில் வரும் கடிதங்களை மட்டும் பிரிக்காமல் வைக்காதீர்கள். 5071சி, 4883சி, 5747சி என்ற எண்ணுள்ள கடிதம் வந்தால், உங்கள் பெயரில் ஒரு தாக்கல் வந்திருக்கிறது, அது உங்களுடையதா என்று கேட்கிறார்கள் எனப் பொருள். அதில் சொன்ன வழியில் பதில் கொடுத்தால் போதும். தனியாகத் திருட்டுப் புகார்ப் படிவம் வேண்டியதில்லை. தாக்கலும் ஐ.ஆர்.எஸ் பதிவும் பொருந்தவில்லை என்று சொல்லும் சி.பி.2000 கடிதம் வந்து, அதில் உங்களுக்குத் தெரியாத வருமானம் இருந்தால், குறிப்பிட்ட கெடுவுக்குள் மறுப்பு அனுப்புங்கள்.

படி 8: திருட்டு நடந்துவிட்டால்

மின்தாக்கல் திரும்பினால் முதலில் தட்டச்சுப் பிழையைப் பாருங்கள். பிறகு, மணமுறிவு பெற்ற துணைவரோ உறவினரோ தெரியாமல் பிள்ளையைச் சேர்த்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இரண்டும் இல்லையென்றால் திருட்டுப் புகார்ப் படிவமான 14039-ஐ நிரப்புங்கள். அதை இணையத்திலும் அனுப்பலாம். காகிதத் தாக்கலோடு இணைத்தும் அனுப்பலாம். உண்மையான கணக்கை ஏப்ரல் 15 கெடுவுக்குள் காகிதத்தில் அனுப்பி, கட்டவேண்டிய வரியைக் கட்டிவிடுங்கள். திருடன் செய்த வேலைக்காக உங்கள் கெடு தள்ளிப்போகாது. சான்றஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே, கூட்டாட்சி வணிக ஆணையத்தின் அடையாளத் திருட்டுத் தளத்தில் புகாரைப் பதியுங்கள். உங்கள் மாநிலத்தின் வரித் துறைக்குத் தனியாகச் சொல்லுங்கள், ஐ.ஆர்.எஸ்ஸுக்குச் சொன்னது அவர்களுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பியிருக்க வேண்டாம். திருடன் என்னென்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்க வேண்டுமானால், படிவம் 4506-எஃப் மூலம் அந்தப் போலித் தாக்கலின் நகலைக் கேட்கலாம். சில பகுதிகளை மறைத்துத் தருவார்கள். ஆனாலும் எந்தத் தகவல் கசிந்தது என்று ஊகிக்க உதவும்.

வழக்கு முடிய ஓராண்டுக்கு மேல்கூட ஆகிறது. வாடகை கட்ட முடியாத அளவுக்கு ரீஃபண்ட் தாமதத்தால் நெருக்கடி வந்தால், படிவம் 911 மூலம் வரிதாரர் வழக்கறிஞர் சேவையை நாடுங்கள். ஐ.ஆர்.எஸ்ஸுக்குள்ளேயே தனித்து இயங்கும் அந்தப் பிரிவு கட்டணம் வாங்காது. வழக்கு தீர்ந்தபின் உங்கள் கணக்கில் அடையாளக் குறி இடப்பட்டு, ஆண்டுதோறும் ஐ.பி. பின் தபாலில் வரும்.

ஊர் திரும்புகிறவர்களுக்கு

வேலையை விட்டு இந்தியாவுக்கே போனாலும் எஸ்.எஸ்.என் அழிவதில்லை. பழைய வீட்டு முகவரிக்கு டபிள்யூ-2-வும் கடிதங்களும் வந்துகொண்டே இருக்கும். அந்த வீட்டில் புதிதாகக் குடிவந்தவர் அவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். கிளம்பும் முன் படிவம் 8822 மூலம் ஐ.ஆர்.எஸ்ஸிடம் முகவரியை மாற்றுங்கள். பழைய நிறுவனத்திலும் வங்கியிலும் ஓய்வூதியக் கணக்கிலும் மாற்றுங்கள். ஐ.ஆர்.எஸ் கணக்கையும் ஐ.பி. பின்னையும் இங்கே அமெரிக்கத் தொலைபேசி எண் கையில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்; அந்த எண்ணை விடுவதற்கு முன் இந்தியாவிலும் வேலை செய்யும் சரிபார்ப்பு முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஆண்டுக்கொருமுறை, ஜனவரியில், உள்ளே போய் உங்கள் பெயரில் புதிய தாக்கலோ வருமானமோ ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.